திட்டத் தெரியாத சீட்டுகள்

களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்துக்கு நவமணி மண்டோர், மேற்பார்வைக்காரி. மலேசியாவில், கரங்கானுக்கு உள்ளே தள்ளியிருக்கும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் அது. பதினோரு பெண்கள் அவள் சொல்லுக்கு நடப்பார்கள். ஏழு பேர் தமிழ்ப் பெண்கள், நான்கு பேர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். எந்தக் காட்டில் எத்தனை நிரை, எந்தப் பக்கம் காற்று, எவளுக்கு இன்று முதுகு வலி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மழை வரும் என்று அவள் பம்புகளை இறக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் மழை வரும். அப்படிப்பட்டவளுக்கு வீட்டில் ஒரு முடிவெடுக்க வேண்டுமென்றால் மட்டும் ஒரு மைலோ டின் வேண்டும்.

டின்னுக்குள் இருந்தவை வாக்குத்தத்தச் சீட்டுகள். தமிழ்ச் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். விரல் நீள அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அந்த ஆண்டு முழுதும் அதுதான் கடவுள் தனக்குத் தந்த வாக்கு. மற்றவர்கள் அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்து மார்ச் மாதத்தில் மறந்துபோவார்கள். நவமணிக்கு வசனத்தைக் குப்பையில் போட மனம் வராது. தன்னுடையது, கணவர் பரஞ்சோதியுடையது, மகள் பிரேமலாவுடையது என்று சேர்ந்தன. இதைக் கேள்விப்பட்ட போதகர் ஆண்டுதோறும் தட்டில் மிஞ்சியவற்றையும் அவளிடமே கொடுத்துவிட்டார். இருநூறுக்கு மேல் இருக்கும்.

முதலில் பெரிய விஷயங்களுக்குத்தான் எடுத்தாள். பிறகு சின்னதுக்கும் கை போனது. வெள்ளிக்கிழமை கோலா கெடாவிலிருந்து மீன் வேன் வந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து முனையில் ஆரன் அடிக்கும். வசனத்தில் கடலோ ஆறோ வந்தால் மீன், வராவிட்டால் காய்கறி.

"கர்த்தருக்கு வேற வேலை இல்லையா? நீ கெம்போங் மீனு வாங்குறதா கத்திரிக்கா வாங்குறதான்னு அவரு உக்காந்து யோசிக்கணுமா?" என்று பரஞ்சோதி உயிரோடிருந்த நாளில் கேட்பார். தோட்டத்து லாரி ஓட்டியவர்.

"ஒங்களுக்கு வேற வேலை இருக்குல்ல, அதப் பாருங்க."

"எனக்கு மீனு திங்கணும்டி. எடுத்தது தப்பு, இன்னொண்ணு எடு."

அவர் மாரடைப்பில் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

இதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் சிரிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பதினேழு வயதில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவள் அவள். அன்று முதல் எங்கே நிற்க வேண்டும், எதைச் சுமக்க வேண்டும், எந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதை எல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். காரணம் எவரும் சொன்னதில்லை. அப்படி வாழ்ந்த ஒருத்திக்கு, தன் சின்னச் சின்னக் கேள்விகளையும் காதுகொடுத்துக் கேட்டுப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய மரியாதை! அந்த மரியாதையைத்தான் அவள் டின்னில் போட்டு மூடிவைத்திருந்தாள்.

அதனால் நல்லதும் நடந்தது. பிரேமலா ஐந்தாம் படிவம் முடித்தபோது லயமே கூடி, "பொம்பளப் புள்ளய கையுறை பேக்டரிக்கு அனுப்பு" என்றது. திடமாயிரு என்று ஒரு சீட்டு வந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் மகளைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்பினாள். இன்று பிரேமலா சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். சிடாம் கிரிப் பக்கம் கணவனோடும் மாமியார் மாமனாரோடும் மூன்று அறை வீட்டில் இருக்கிறாள்.

டிசம்பர் வந்தால் நவமணிக்கு அறுபது நிறையும். அதோடு வேலை முடியும், வேலையோடு லயத்து வீடும் முடியும். இன்னும் ஓராண்டு நீட்டித்துத் தருவதாகத் தோட்டத்து நிர்வாகி வாயால் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்துக்காக அவள் காத்திருந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் செல்லாயியின் கண்ணில் மருந்து பட்டது.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். பதினாலாம் நம்பர் காடு. பதினெட்டு லிட்டர் பம்பை முதுகில் சுமந்து, ஒரு கையால் நெம்பிக்கொண்டே மறு கையால் மரத்தைச் சுற்றி அடிக்க வேண்டும். பழைய பம்பில் மூக்கு அடிக்கடி அடைத்துக்கொள்ளும். காற்றை இறக்கிவிட்டுத்தான் மூக்கைக் கழற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இறக்கினால் மறுபடி நெம்ப நேரமாகும், நிரை முடியாது, நிரை முடியாவிட்டால் பேச்சு விழும். ஆகவே எல்லோரும் இறக்காமலே கழற்றினார்கள். செல்லாயியும் கழற்றினாள். பீறிட்ட மருந்து நேராக இடது கண்ணில் அடித்தது.

கண்ணாடி போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிராது. கண்ணாடி இல்லை. போன தீபாவளிக்கு முன் கொடுத்தவை வார் அறுந்து, கீறல் விழுந்து, பார்வை மறைத்துப் போய்விட்டன. நவமணி மூன்று முறை அலுவலகத்தில் கேட்டாள். "ஆர்டர் போட்டாச்சு" என்று மூன்று முறையும் சொன்னார்கள்.

நவமணி ஓடிவந்து செல்லாயியை மல்லாக்கக் கிடத்தி, இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினாள். தன் தண்ணீர் தீர்ந்ததும் கூட்டத்துப் பெண்களின் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வந்தன. பதினோரு பேரின் ஒரு நாள் குடிநீர் அந்த ஒரு கண்ணில் ஓடியது. பிறகு லாரியில் ஏற்றிக் கூலிம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. அவள் போனதும், கணக்கெழுதும் கிராணி காளிதாசன் நாற்காலியை இழுத்துப் போட்டார். நவமணி அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு ஆண்டில் அந்த அறையில் அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை.

"நவமணிக்கா, இதுல ஒரு சைன் மட்டும் போட்டுருங்க."

மலாய் மொழியில் தட்டச்சடித்த ஒரு தாள். நவமணிக்கு மலாய் நன்றாகவே படிக்க வரும். அதில் எழுதியிருந்தது இது: புதன்கிழமை செல்லாயிக்கு மருந்தடிக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. அவள் உடம்பு சரியில்லை என்று பெரட்டிலிருந்தே வீடு திரும்பினாள். வீட்டில் கழிவறை கழுவும் திரவம் கண்ணில் பட்டதாக மண்டோர் பின்னர் அறிந்தார்.

"இது என்னா கிராணியாரே? அவ என் கண்ணு முன்னாடி விழுந்தா."

"தெரியும்லா. யாரு இல்லேன்னா? தோட்டம் ஒழுங்கா நடக்குதான்னு பாத்து சான்றிதழ் குடுக்குற ஆளுங்க திங்கக்கெழம வர்றாங்க. கண்ணாடி இல்லாம மருந்து அடிச்சாங்கன்னு தெரிஞ்சா சான்றிதழ் போச்சு. வெளிநாட்டுக்காரன் எண்ண வாங்க மாட்டான். மேனேஜருக்கு ஒரே தலவலி."

"அவளுக்குக் கண்ணு போகுது, இவருக்குத் தலவலியா?"

காளிதாசன் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலிடம், பிள்ளைகள், பயம் எல்லாம் உண்டு. "செல்லாயிக்கு ரெண்டு வாரம் லீவு, அரிசி சாமான் எல்லாம் ஆப்பீஸே பாத்துக்கும். நீங்க எக்ஸ்டென்ஷனுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க. அந்த சூரா, கடுதாசியும் மேனேஜர் மேசைலதான் இருக்கு. நான் சொல்றது புரியுதில்ல?"

நன்றாகப் புரிந்தது. வேலை செய்த இடத்தில் பட்ட காயம் என்றால் செல்லாயிக்குத் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ உண்டு. கண் கெட்டுப்போனாலும் ஆயுளுக்கும் ஏதோ ஒரு பிடிமானம் இருக்கும். வீட்டில் பட்டது என்றால் இரண்டு வார அரிசியோடு சரி.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்று நவமணி எழுந்தாள்.

"டின்னத் தொறந்து பாருங்கக்கா. நல்ல சீட்டாத்தான் வரும்" என்று காளிதாசன் சிரித்தார்.

நல்ல சீட்டுத்தான் வந்தது. விளக்கேற்றும் நேரத்தில், சமையலறைத் தரையில் முழங்கால்போட்டு எடுத்தாள். நீ அமைதியாயிரு, உனக்காக நான் போராடுவேன் என்ற பொருளில் ஒரு வசனம். அவள் அதை மூன்று முறை படித்தாள். அமைதியாயிரு. எவ்வளவு தெளிவான பதில்! வாயைத் திறக்க வேண்டாம், செல்லாயியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில், இது உனக்கு வசதியான பதில் என்று ஒன்று முனகியது. அதைப் பிசாசின் குரல் என்று தள்ளிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்துப் போட்ட கை அன்று முழுதும் லேசாக இருந்தது. வீடு தங்கும், வேலை தங்கும், கடவுளே உத்தரவு கொடுத்துவிட்டார். மாலையில் மீன் வாங்கிக் குழம்பு வைத்து, ஒரு பாத்திரத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளியிருந்த செல்லாயியைப் பார்க்கப் போனாள்.

செல்லாயிக்கு நாற்பத்து நாலு வயது. தோட்டத்து முனியாண்டி கோயிலில் பொங்கல் வைத்தால் முதல் பானை அவளுடையது. வாயும் அப்படித்தான், பொங்கிக்கொண்டே இருக்கும். இடது கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"வாக்கா. பாதி நவமணிதான் தெரியுது. அதுவே குண்டாத்தான் இருக்கு."

"வாய்க்கு ஒரு கட்டு போட்டுவிடலியா டாக்டரு?"

"கேட்டுப் பாத்தாரு, நாந்தான் முடியாதுன்னுட்டேன்." செல்லாயி சிரித்துவிட்டு, குரல் மாறிச் சொன்னாள்: "டாக்டரு ஒண்ணு சொன்னாருக்கா. தண்ணி ஊத்தின பொம்பள யாருன்னு கேட்டாரு. அவ்ளோ தண்ணி ஊத்தலன்னா கண்ணையே எடுத்திருக்கணுமாம். இப்பவும் பார்வ முழுசா வராதாம், நெழலு மாதிரி தெரியலாமாம். நீ மட்டும் இல்லேன்னா நான் பொட்டக்கண்ணிதான்."

நவமணி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கிராணி வந்தாரு. ஆப்பீஸ்ல எல்லாம் எழுதியாச்சாம். ஒன் கையெழுத்தும் இருக்குன்னாரு. அப்புறம் எனக்கு என்னா கவல? மண்டோரக்கா சைன் போட்டா போதும்னு நிம்மதியாப் படுத்துட்டேன்."

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நவமணி குழம்பு ஊற்றக் கிண்ணம் தேடினாள். செல்லாயியோ விடுவதாக இல்லை.

"எனக்கும் ஒரு சீட்டு எடுத்துக் குடேன். எங்க சாமி ஒங்க சாமின்னு இந்தக் கண்ணு பாக்குமா? டின்ன எடுத்துட்டு வாக்கா."

எடுத்து வந்தாள். செல்லாயி கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டினாள். நவமணி வாசித்தாள்: ஆசீர்வாதம். இன்னொன்று: துணையாயிருப்பேன். மூன்றாவது: உயர்த்துவேன். நான்காவது: பயப்படாதே.

"அட! ஒங்க சாமி திட்டவே திட்டாதாக்கா?"

"என்னாடி?"

"இல்ல, எங்க முனி எறங்கிச்சுன்னா மொதல்ல திட்டுதான். 'அடியே, பக்கத்து வீட்டுக்காரி வயித்தெரிச்சல கொட்டிக்கிட்டு எனக்குச் சுருட்டு வாங்கியாறியா'ன்னு போன வருசம் முத்துவேலு பொண்டாட்டிய ஊரு முன்னாடி நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுச்சு. ஒங்க சாமி இவ்ளோ நல்லவரா? யாரு என்னா பண்ணாலும் ஆசீர்வாதந்தானா?"

செல்லாயி விளையாட்டாகத்தான் கேட்டாள். நவமணிக்கு முகத்தில் வெந்நீர் ஊற்றியது போலிருந்தது. "குழம்பு சூடா இருக்கு, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் பாயை விரித்து டின்னைக் கவிழ்த்தாள். இருநூற்றுச் சொச்சம் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரே ஒரு திட்டு, ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு 'ஏன் இப்படிச் செய்தாய்' கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுச் சீட்டுகளில் ஒன்றுகூட யாரையும் எதற்கும் கண்டிக்கவில்லை. அச்சடித்தவன் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான். புத்தாண்டு அன்று திட்டு வாங்க யார் வருவார்கள்? விற்காததை அச்சகம் அடிக்காது. முதலாளி வீட்டிலும் அதே சீட்டு, கூலிக்காரி வீட்டிலும் அதே சீட்டு, இரண்டு பேருக்கும் அதே ஆசீர்வாதம் என்றால், அதில் யாருக்கு லாபம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நவமணி அலமாரியிலிருந்து வேதப்புத்தகத்தை இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் பக்கங்கள் விரல்பட்டுப் பழுத்திருந்தன. தீர்க்கதரிசிகளின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்துப் பிரித்துப் படித்தாள். அங்கே இருந்தது திட்டு. ஏழையை மிதிப்பவர்களை, கூலிக்காரனை ஏய்ப்பவர்களை, விதவைக்கு நீதி மறுப்பவர்களை, பொய்த் தீர்ப்பு எழுதுகிற கைகளைக் கடவுள் காறித் துப்பாத குறையாகக் கேட்டிருந்தார். உங்கள் பாட்டும் வேண்டாம், உங்கள் பண்டிகையும் வேண்டாம் என்றிருந்தார். எழுதுகிற கைகள் என்ற இடத்துக்கு வந்தபோது அவள் தன் வலது கையைப் பார்த்தாள்.

அழுதாள். அழுது முடித்தபோது ஒரு விசித்திரமான நன்றி அவளுக்குள் நிறைந்தது. இத்தனை ஆண்டும் தன்னிடம் கொஞ்சிப் பேசியவர், இன்றைக்குத்தான் தன்னை ஒரு பெரிய மனுஷியாக மதித்து, 'என்ன காரியம் செய்தாய்' என்று கேட்டிருக்கிறார். அதைக் கேட்க முனியாண்டி கோயில்காரி ஒருத்தியின் வாயை அவர் கடன் வாங்கியிருக்கிறார். நவமணிக்கு அப்படித்தான் தோன்றியது. செல்லாயியின் சொந்த மூளையே அதற்குப் போதும் என்று சொல்பவர்களும் இருக்கலாம். எப்படிச் சொன்னாலும் கேள்வி அதே கேள்விதான்.

சனிக்கிழமை காலை பெரட்டு. இன்றைக்கு எல்லாம் கணினியில் பதிவாகிறது. ஆனாலும் அந்தத் தோட்டத்தில் பழைய முறை மாறவில்லை. மண்டோர் தன் கூட்டத்தின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கக் கூப்பிட வேண்டும். வந்தவர்கள் குரல் கொடுப்பார்கள். வராதவர்களின் பெயரையும் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று மண்டோரே எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்: காய்ச்சல், கல்யாணம், கருமாதி. கிராணி அதைக் கேட்டு எழுதிக்கொள்வார். களத்தில் சொன்னது ஒருமுறை சொன்னதுதான். பிறகு மாற்றினால் நூறு காதுகள் சாட்சி.

சான்றிதழ் ஆட்கள் வரப்போவதால் அந்த வாரம் நிர்வாகியும் களத்துக்கு வந்து நின்றார். நவமணி பெயர் படித்தாள். மருதம்மாள். யானி. காஞ்சனா. குரல்கள் வந்தன. அடுத்த பெயருக்கு அவள் மூச்சை இழுத்தாள்.

"செல்லாயி!"

காளிதாசன் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

"செல்லாயி வரல. புதன்கெழம காலையில பத்து மணிக்கு, பதினாலாம் நம்பர் காட்டுல, என் கூட்டத்துல மருந்து அடிக்கையில மருந்து கண்ணுல பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. கண்ணாடி இல்ல. நான் மூணு தடவ கேட்டும் வரல. எழுதுங்க கிராணியாரே."

அதையே மலாயிலும் ஒருமுறை சொன்னாள், நிர்வாகிக்கும் இந்தோனேசியப் பெண்களுக்கும் விளங்கும்படி. சொல்லும்போது கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா!" என்றாள் மருதம்மாள். "பெத்துல்" என்றாள் யானி, மலாயில் உண்மைதான் என்று. பிறகு கூட்டமே சொன்னது. உரம் போடும் கூட்டத்திலிருந்தும் யாரோ, "நாங்களும் பாத்தோம்லா" என்றார்கள்.

காளிதாசன் நிர்வாகியைப் பார்த்தார். நவமணியைப் பார்த்தார். பேனா ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றது. பிறகு குனிந்து எழுதினார். அவர் வாழ்க்கையில் அது பெரிய எழுத்துதான். சின்னப் பிழைப்புக்காரர்கள் எழுதும் ஒரு வரி உண்மைக்கு எவ்வளவு கனம் என்பது, பெரிய மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது.

அலுவலகத்தில் நிர்வாகி நாற்காலி போடவில்லை.

"நேற்று ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். இன்று ஒன்று சொல்கிறாய். எது பொய்?"

"நேத்து போட்டதுதான் பொய், துவான். பயந்து போட்டேன்." ஐயா என்பதற்கு அங்கே துவான்.

"பொய் அறிக்கைக்கு உன்மேல் நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?"

"எடுங்க துவான். நடவடிக்கைன்னு சூரா குடுத்தீங்கன்னா வாங்கிக்கிறேன். அந்தத் தாள மட்டும் கிழிச்சுருங்க. இல்லேன்னா அது பொய்ன்னு இன்னொரு தாள் நானே எழுதி சொக்சோ ஆப்பீஸ்ல குடுப்பேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்துச் சன்னல் வழியே வெளியே பார்த்தார். பத்துப் பெண்களும் வெற்றுப் பம்புகளைக் கவிழ்த்து வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நவமணி அவர்களிடம் உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடி வந்தால்தான் பம்பு முதுகில் ஏறும் என்று யானிதான் முதலில் உட்கார்ந்தாளாம். வெளிநாட்டிலிருந்து வந்தவள், பர்மிட் தோட்டத்தார் கையில் இருப்பவள். எல்லோரையும்விட அதிகம் இழக்கக்கூடியவள் அவள்தான்.

மூன்று முறை கேட்டு வராத கண்ணாடி அன்று பதினோரு மணிக்குள் கூலிமிலிருந்து வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை சான்றிதழ் ஆட்கள் வந்து, பளபளக்கும் கண்ணாடிகளைப் பார்த்து, "எல்லாம் புதிதா?" என்று கேட்டார்கள். "ஆமாம், சனிக்கிழமையிலிருந்து. செல்லாயிக்குக் கண் போன பிறகு" என்று யானி மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னாள். சான்றிதழ் என்ன ஆயிற்று என்பது லயத்தில் எவருக்கும் தெரியாது. அதற்காக எவரும் வருந்தியதாகவும் தெரியவில்லை.

நவமணி அந்த வெள்ளிக்கிழமை கையெழுத்தைச் செல்லாயியிடமும் மறைக்கவில்லை. போய் உட்கார்ந்து முழுதும் சொன்னாள். செல்லாயி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 

"நீ போட்டியாக்கா? நீயா?" என்றாள்.

"நாந்தான்."

"சரி, போட்டத அழிச்சிட்டல்ல. ஆனா மூணு நாளைக்கு ஒன் கொழம்பு எனக்கு வேணாம்."

மூன்று நாள் சரியாகக் கணக்கு வைத்திருந்து, நான்காம் நாள், "இன்னிக்கு என்னா கொழம்பு?" என்று குரல் கொடுத்தாள்.

பிரேமலா விடுப்புப் போட்டுக்கொண்டு வந்து இருவரையும் காரில் சுங்கை பட்டாணிக்கு அழைத்துப் போய்ச் சொக்சோ பாரத்தைக் கொடுக்க வைத்தாள். மருத்துவர் கடிதம், பெரட்டில் காளிதாசன் எழுதிய வரி, நவமணியின் வாக்குமூலம் எல்லாம் சேர்ந்தன. நவம்பரில் முடிவு வந்தது. வேலையிடத்துக் காயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். செல்லாயிக்கு ஆயுளுக்கும் ஒரு பிடிமானம் கிடைத்தது. தோட்டத்திலும் பம்பை விட்டு நாற்றங்கால் வேலைக்கு மாற்றினார்கள்.

நவமணியின் நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. மறுத்தும் எழுதவில்லை, தந்தும் எழுதவில்லை. வயது நிறைந்தது, ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் அறிவிப்பு ஒட்டினார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அந்த மண்ணில் வேர்வை சிந்தியவளுக்கு அந்த மண்ணில் ஒரு மாதம்! தோட்டம் போட்டவர்கள் காலத்திலிருந்து மாறாத கணக்கு இது. ஒருத்தியை வெளியேற்றக் கதவில் ஒட்டிய ஒரு காகிதம் போதும் என்கிற ஏற்பாட்டைச் சட்டம் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் கூசவில்லை.

பிரேமலா கோபப்பட்டாள். "மேல எழுதிப் போடலாம்மா. யூனியன்ல கேக்கலாம்."

"கேளு. கண்டிப்பாக் கேளு. எனக்குக் கெடைக்காட்டியும் மருதம்மாளுக்குக் கெடைக்கும். அவளுக்கும் அடுத்த வருசம் அறுவது" என்றாள் நவமணி. "ஆனா நான் ஒங்கிட்ட வர்றதுக்கு மொகத்தத் தூக்காத. அந்தக் கையெழுத்த வச்சுக்கிட்டு இந்த வீட்டுல இன்னும் ஒரு வருசம் எப்படிடி தூங்கியிருப்பேன்?"

காலி செய்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தாள். சாமான்கள் கட்டியாகிவிட்டதால் எல்லோரும் தரையில் பாய்மேல் உட்கார்ந்தார்கள். கூலிமிலிருந்து போதகர் வந்திருந்தார். கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள், சாம்பிராணி மணக்கும் செல்லாயி, முக்காடிட்ட யானி உட்பட. காளிதாசன் வருவாரா என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் தயங்கி நின்றவரைப் பார்த்து, "உள்ள வாங்க கிராணியாரே, இங்கயும் பெரட்டுதான், பேரு படிப்போம்" என்று செல்லாயி இழுத்து உட்காரவைத்தாள்.

"நீங்களே ஜெபம் பண்ணுங்கம்மா. எதுக்கெல்லாம் நன்றி சொல்லணும்னு ஒங்களுக்குத்தான தெரியும்" என்றார் போதகர்.

"எல்லாரும் கண்ண மூடுங்க" என்று மருதம்மாள் அதட்டினாள்.

"எனக்கு ஒண்ண மூடினா போதும்" என்றாள் செல்லாயி.

சிரிப்பு அடங்கியதும் நவமணி ஆரம்பித்தாள். மழைக்கு ஒழுகினாலும் நாற்பது ஆண்டு தாங்கிய கூரைக்கு நன்றி. பரஞ்சோதி இருந்த நாட்களுக்கு நன்றி. பம்பின்மேல் உட்கார்ந்த பத்துப் பேருக்கு நன்றி, ஒவ்வொருத்தி பெயராகச் சொன்னாள். எழுதச் சொன்னபோது எழுதிய கிராணிக்கு நன்றி. காளிதாசன் தலை இன்னும் தாழ்ந்தது. என்னைத் திட்டினதுக்கு நன்றி, ஆண்டவரே, இன்னும் திட்டும், நான் கேட்டுக்கிறேன் என்றாள். போதகர் ஒரு கணம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"செல்லாயி கண்ணுல கொஞ்சம் வெளிச்சமாவது மிச்சம் வச்சீரே, அந்த வெளிச்சத்துக்காக ஸ்தோத்திரம்."

"கொறச்சுச் சொல்லாதக்கா" என்று செல்லாயி குறுக்கே புகுந்தாள். நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் மட்டுமில்ல. நீ கட்டியிருக்கிறது பச்சச் சேலைன்னும் தெரியுது."

ஜெபத்தின் நடுவில் பேசலாமா என்று மருதம்மாள் தொடையில் கிள்ளினாள். போதகர் காத்திருந்தார். நவமணி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பச்சைக்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தாள்.